கென்கி புத்தகம்: தமிழில் யோசிக்கிறவர் தனியாகப் படித்தால் எப்படி இருக்கும்?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்களுக்கு 5எஸ் போர்டு தெரிந்திருக்கும், வேலையிடத்தைச் சுத்தமாக, ஒழுங்காக வைக்கச் சொல்லும் ஐந்து ஜப்பானியச் சொற்கள். செய்ரி, செய்தோன், செய்சோ, செய்கெத்சு, ஷித்சுகெ. கைசென் (மேம்பாடு), கெம்பா (வேலையிடம்), முதா (வீண்) எல்லாம் ஷிப்ட் மீட்டிங்கில் தினமும் காதில் விழும். தரப் பரிசோதனைப் பிரிவில் எட்டு வருடமாக இந்தச் சொற்களைச் சொல்லிக்கொண்டிருந்தேன், ஆனால் இவை ஒரு மொழியின் சொற்கள், அதில் மனிதர்கள் சாப்பிட்டாயா என்று கேட்கிறார்கள், குழந்தையைக் கொஞ்சுகிறார்கள் என்று தோன்றியதே இல்லை. ஜப்பானிலிருந்து வந்த ஒரு மூத்த இன்ஜினியர் ஒருநாள் என் மேசையில் இருந்த கேஜைக் காட்டி “கோரெ வா நன் தெசு கா” என்று கேட்டார். கை காட்டியதால் விஷயம் புரிந்தது. ஆனால் அந்த வாக்கியம் போன விதம் எனக்கு எங்கேயோ பழக்கமானதாக இருந்தது. இது என்ன? அவ்வளவுதான். கேள்விக்குறி கூட வாக்கியத்தின் கடைசியில் ஒட்டிக்கொண்டு வருகிறது, நாம் “ஆ” போடுகிற மாதிரி. அன்று சாயங்காலம்தான் ஜப்பானிய மொழி படிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

வகுப்புக்குப் போக ஷிப்ட் நேரம் ஒத்துவரவில்லை. அதனால் வீட்டிலேயே, கென்கி என்ற ஜப்பானிய மொழிப் பாடப்புத்தகத்தின் முதல் தொகுதி மூன்றாம் பதிப்பை வைத்துப் படித்தேன். ஒன்றரை வருடம் ஆகிறது. முதல் தொகுதி முடிந்தது, டிசம்பரில் என்5 (ஜப்பானிய மொழித் தகுதித் தேர்வின் ஆரம்ப நிலை) எழுதி தேறினேன், இப்போது இரண்டாம் தொகுதியில் 16-வது பாடம். இந்தப் புத்தகம் நல்லதா என்று நிறைய பேர் கேட்பதால் எழுதுகிறேன். நல்ல புத்தகம், வாங்கலாம். ஆனால் இது ஆங்கிலத்தில் யோசிக்கிறவர்களுக்காக எழுதப்பட்டது. தமிழில் யோசிக்கிறவர் அதன் விளக்கத்தை அப்படியே பின்பற்றினால் நேரம் வீணாகும். புத்தகத்தின் ஜப்பானிய வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, பக்கத்தில் தமிழை எழுதிப் படித்தால் பாதி இலக்கணம் படிக்காமலேயே வந்துவிடும். அதைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

முதலில் புத்தகத்தைப் பற்றி. ஜப்பான் டைம்ஸ் வெளியீடு, முதல் பதிப்பு 1999-ல் வந்தது, இப்போது விற்பது 2020-ல் வந்த மூன்றாம் பதிப்பு. கென்கி என்றால் நலம், தெம்பு. “ஒகென்கி தெசு கா” என்றால் நலமா. இரண்டு தொகுதி, முதல் தொகுதியில் 12 பாடம், இரண்டாவதில் 13 முதல் 23 வரை. இரண்டும் சேர்த்து 317 கான்ஜி, அதாவது சீனாவிலிருந்து வந்த எழுத்துகள். ஒவ்வொரு பாடத்திலும் உரையாடல், சொற்பட்டியல், இலக்கணம், பயிற்சி என்று போகும். வாசிப்பும் எழுத்தும் புத்தகத்தின் பின்பாதியில் தனிப் பகுதி. பயிற்சிப் புத்தகம் தனி, விடைப் புத்தகம் தனி. ஒலிப்பதிவை அவர்களுடைய செயலியைப் போனில் இறக்கிக் கேட்க வேண்டும். கதை என்று பார்த்தால் அமெரிக்காவிலிருந்து படிக்க வந்த மேரி, தகேஷி என்ற மாணவர், இன்னும் சில நண்பர்கள், கல்லூரி வாழ்க்கை. தொழிற்சாலைக்குப் போகிறவருக்கு அந்த உலகம் கொஞ்சம் தூரம்தான், ஆனாலும் முதல் பாடத்திலேயே “மன்னிக்கவும், இப்போது மணி என்ன?”, “பன்னிரண்டரை” என்று பேசிக்கொள்கிறார்கள், அது எங்கேயும் உதவும்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. விலை குறைவு என்று இணையத்தில் ஒருவரிடம் வாங்கினேன், வந்தது நகல் எடுத்துத் தைத்த புத்தகம். படிக்கத்தானே போகிறோம், நகலாக இருந்தால் என்ன என்று முதலில் நினைத்தேன். ஜப்பானிய ஒலியெழுத்தான ஹிராகானாவில் “க” எழுத்தின் வலது மேல் மூலையில் இரண்டு சின்னக் கோடு போட்டால் அது வல்லொலி மாறி “மகன்” என்பதில் வருகிற மெல்லிய க ஆகிவிடும். என் நகலில் அந்தக் கோடு பாதி இடத்தில் அச்சாகவே இல்லை. ஒரு மாதம் தப்பாகப் படித்துவிட்டுத் திருத்த வேண்டியதாயிற்று. சரியான பதிப்பை வாங்குங்கள், இல்லையென்றால் கீழே சொல்கிற இலவசப் புத்தகத்தைப் படியுங்கள், நகல் மட்டும் வேண்டாம்.

இந்தக் கோட்டை நான் இவ்வளவு பெரிதாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. நம்மில் பலர் முதல் வாரத்தில் செய்யும் தவறு, ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்வது. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். தங்கத்துக்கும் “கின்”, வெள்ளிக்கும் “கின்” என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன். முதல் க வல்லொலி, இரண்டாவது மெல்லொலி, தமிழ் எழுத்தில் வித்தியாசம் தெரியாது. பல்கலைக்கழகத்துக்கு “தைககு”, படிப்பை விட்டு நிற்பதற்கும் “தைககு”. பேட்டியில் இதை மாற்றிச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். (இந்தக் கட்டுரையில் நான் தமிழ் எழுத்தில் எழுதுவது படிக்கிறவர்களுக்காக மட்டும், இதைப் பார்த்து யாரும் உச்சரிப்பைப் பழக வேண்டாம்.) கென்கி முதல் இரண்டு பாடத்துக்கு மட்டும் ரோமன் எழுத்தைக் கூடவே தரும், மூன்றாவது பாடத்திலிருந்து எடுத்துவிடும். அது நல்ல ஏற்பாடு. என்னைக் கேட்டால் அந்த இரண்டு பாடத்திலும்கூட ரோமன் எழுத்தைப் பென்சிலால் அடித்துவிடலாம்.

ஹிராகானா 46, வெளிநாட்டுச் சொற்களை எழுதும் காட்டாகானா 46. பயப்படத் தேவையில்லை, 247 எழுத்து படித்துவிட்டு வந்தவர்கள் நாம். அதைவிட, அகரவரிசையைப் பார்த்தால் உங்களுக்கே சந்தோஷமாக இருக்கும். உயிரெழுத்து அ, இ, உ, எ, ஒ. அப்புறம் வரிசை க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. நம்முடைய க, ச, த, ந, ப, ம, ய, ர, வ வரிசையை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ப இருக்க வேண்டிய இடத்தில் ஹ இருக்கிறதே என்றால், அந்த ஹ பழைய காலத்தில் ப என்றுதான் ஒலித்தது என்கிறார்கள் மொழியியலாளர்கள். பௌத்தத் துறவிகள் சமஸ்கிருத ஒலிகளைச் சித்தம் என்ற பழைய இந்திய எழுத்து வழியாகப் படித்ததால் இந்த வரிசை அங்கே போனது. கென்கி இதை வெறும் கட்டமாகக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. அகராதியில் சொல் தேடும்போது இந்த வரிசை தெரிந்திருந்தால் கை தானாகப் போகும்.

குறில் நெடில் இன்னொரு வரம். “ஒபசான்” என்றால் அத்தை, சித்தி வயதுப் பெண்மணி. “ஒபாசான்” என்றால் பாட்டி. “கிதெ” என்றால் வா, “கித்தெ” என்றால் தபால்தலை. இதை ஆங்கிலம் பேசுகிறவர்களுக்குப் புரியவைக்கப் புத்தகம் சிரமப்படுகிறது. படம், பட்டம் என்று சொல்லிப் பழகிய வாய்க்கு இதில் சிரமமே கிடையாது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்ற கணக்கு அங்கேயும் அப்படியே. ஒரே வித்தியாசம், நாம் மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை தருவோம், அவர்கள் “ன்” என்பதற்கு முழு மாத்திரை தருவார்கள். ஜப்பானிய மொழியைக் குறிக்கும் “நிஹொன்கொ” என்ற சொல் நி, ஹொ, ன், கொ என்று நான்கு தட்டு. நான் மேசையில் விரலால் தட்டித் தட்டிப் பழகினேன். உதடு குவியாமல் சொல்கிற அவர்களுடைய உகரமும் நம் குற்றியலுகரம் மாதிரிதான். “காசு” என்று சொல்லும்போது கடைசியில் வருகிற அந்த உ. “தெசு” என்பதில் அதுவும் தேய்ந்து கிட்டத்தட்ட “தெஸ்” ஆகிவிடும்.

இனி இலக்கணம். என் கம்பெனி நண்பர் ஒருவர் இதே புத்தகத்தை மூன்று முறை ஆரம்பித்து நிறுத்தியவர். அவர் நோட்டைப் பார்த்தேன். “வதாஷி வா கைஷா நி இகிமாசு” என்ற வாக்கியத்தை எழுதி, கீழே ஆங்கிலத்தில் எழுதி, எந்தச் சொல் எங்கே போகிறது என்று அம்புக்குறி போட்டு வைத்திருந்தார். பக்கம் முழுக்கச் சிலந்தி வலை. நான் அதைத் தமிழில் எழுதிக் காட்டினேன். நான், கம்பெனி, க்கு, போகிறேன். அம்பே வேண்டாம், நேர்கோடு. “கம்பெனிக்கு” என்பதில் உள்ள “க்கு”தான் “நி”. “கரா” என்றால் இருந்து, “மதெ” என்றால் வரை, “மோ” என்றால் உம், வதாஷி மோ, நானும். அதே “மோ” யார் என்ற சொல்லோடு சேர்ந்தால் யாரும். “கா” சேர்ந்தால் யாரோ. அவர் இப்போது ஆறாவது பாடத்தில் இருக்கிறார்.

இரண்டாவது பாடம் கடையில் நடக்கிறது. கோரெ, சோரெ, அரெ, தோரெ. கோரெ இது, அரெ அது, தோரெ எது. நடுவில் இருக்கிற சோரெ? கேட்பவர் பக்கத்தில் இருக்கிற பொருள். தமிழ்நாட்டில் நாம் அதைத் தொலைத்துவிட்டோம், யாழ்ப்பாணத்துக்காரர்களிடம் இன்னும் இருக்கிறது: உது. இது, உது, அது, எது. இங்கே, உங்கே, அங்கே, எங்கே என்பதுதான் கோகோ, சோகோ, அசோகோ, தோகோ. பள்ளியில் சுட்டெழுத்து அ, இ, உ என்று படித்தோமே, அந்த உ எங்கே போயிற்று என்று கேட்டிருந்தால் இந்தப் பாடம் உங்களுக்குத்தான்.

ஐந்தாவது பாடத்தில் பிடிக்கும், பிடிக்காது வருகிறது. “சுஷி கா சுகி தெசு.” ஆங்கிலத்தில் நான்தான் எழுவாய், சுஷி செயப்படுபொருள்; ஜப்பானிய மொழியில் ஏன் சுஷிக்கு எழுவாய் உருபு வருகிறது என்று புத்தகம் விளக்க வேண்டியிருக்கிறது. எனக்கு சுஷி பிடிக்கும். பிடிப்பது சுஷி, எனக்கு என்பது வேறு. நமக்கு இதில் விளக்கவே ஒன்றும் இல்லை. “வகாரிமாசு” என்றால் புரிகிறது, அதுவும் இதே மாதிரி, எனக்குப் புரிகிறது.

ஆறாவது பாடம்தான் பலர் விட்டுவிடுகிற இடம், தெ வடிவம். வினைச்சொல் எப்படி முடிகிறதோ அதைப் பொறுத்து த்தெ, ன்தெ, இதெ என்று மாறும். அந்த மாற்றத்தை மனப்பாடம்தான் செய்ய வேண்டும், அதில் குறுக்குவழி கிடையாது, நான் பத்து நாள் எழுதி எழுதிப் பழகினேன். ஆனால் அது எதற்கு என்பதைப் புரிந்துகொள்ள நமக்கு ஒரு நிமிடம் போதும். அது வினையெச்சம். “ஒகிதெ, கவோ ஓ அரத்தெ, கோஹன் ஓ தபெதெ, கைஷா நி இகிமாசு.” எழுந்து, முகம் கழுவி, சோறு சாப்பிட்டு, கம்பெனிக்குப் போகிறேன். ஒரு வினைமுற்று கடைசியில், மற்றதெல்லாம் எச்சம். இந்த வாக்கியத்தை நான் எழுதி முடித்த காலை ஐந்தே முக்காலுக்கு, கம்பெனி பஸ் வருகிற நேரத்தை மறந்து, அம்மாவைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். அம்மா எட்டாவது வரை படித்தவர். “நம்ம மாதிரியேதான் பேசுறாங்க” என்றார். புத்தகத்தின் ஆறு பக்க விளக்கத்தை அம்மா ஒரு வரியில் முடித்துவிட்டார்.

ஏழாவது பாடத்தில் “கிதெ இமாசு” என்று ஒன்று வரும். ஆங்கிலத்தின் வழியாகப் படிக்கிறவர்கள் வந்துகொண்டிருக்கிறார் என்று நினைத்துவிடுவார்கள். அதில்லை, வந்திருக்கிறார், வந்து இங்கே இருக்கிறார். “வந்து” கிதெ, “இருக்கிறார்” இமாசு, சொல்லுக்குச் சொல். கல்யாணம் ஆகியிருக்கிறது என்பதும் இதே அமைப்பு. அதே பாடத்தில் குடும்பம்: அனி, ஒதோதோ, அனெ, இமோதோ. அண்ணன், தம்பி, அக்கா, தங்கை. ஆங்கிலத்தில் மூத்த, இளைய என்று ஒவ்வொன்றுக்கும் அடைமொழி போட வேண்டும், நமக்கு நாலு சொல்லுக்கு நாலு சொல். அடுத்தவர் அண்ணனைச் சொல்லும்போது மரியாதையோடு “ஒனீசான்”. தெரியாத ஆளையும் அண்ணா, பாட்டி என்று கூப்பிடும் பழக்கமும் அங்கே உண்டு.

எட்டாவது பாடத்தில் “தோ ஒமோயிமாசு”, என்று நினைக்கிறேன். “தோ” என்பது நம்முடைய “என்று”. ஒன்பதாவதில் “நிஹோன் தெ கத்த கமெரா”, ஜப்பானில் வாங்கிய கேமரா. பெயரெச்சம். ஆங்கிலத்தில் வாக்கியத்தைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். இரண்டாம் தொகுதியிலோ விருந்தே வைத்திருக்கிறார்கள். மிரு என்றால் பார், “தபெதெ மிரு” என்றால் சாப்பிட்டுப் பார். ஒகு என்றால் வை, “கத்தெ ஒகு” என்றால் வாங்கி வை. “தபெதெ ஷிமவு” என்றால் சாப்பிட்டுவிடு, ஐயோ தீர்ந்துபோச்சே என்ற வருத்தத்துக்கும் இதுவே. பார், வை, விடு என்ற அதே மூன்று துணைவினைகள் பல ஆயிரம் மைல் தள்ளி ஒரு மொழியில் இருக்கின்றன என்பதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இதைச் சொன்னதும் சிலர், ஜப்பானிய மொழி தமிழிலிருந்து வந்தது என்று ஆரம்பித்துவிடுவார்கள். சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் இரண்டு மொழிக்கும் உறவு உண்டு என்று நிறைய எழுதினார், உண்மைதான். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. கொரிய மொழியிலும் துருக்கி மொழியிலும் இப்படியே வினை கடைசியில் வரும், உருபு பின்னால் ஒட்டும். படிக்கிறவருக்கு அந்த விவாதம் தேவையில்லை. அமைப்பு ஒத்துப்போகிறது, அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

சரி, தமிழ் காலை வாருகிற இடங்களும் உண்டு, அவற்றை மறைக்கக் கூடாது. எனக்கு அதிகம் தப்பு வந்தது “நி”, “தெ” (வினையெச்சம் இல்லை, இடத்தைக் காட்டும் உருபு) இரண்டிலும். வீட்டில் இருக்கிறேன், வீட்டில் சாப்பிடுகிறேன், நமக்கு இரண்டுக்கும் “இல்”. அங்கே சும்மா இருப்பதற்கு “உச்சி நி”, ஒரு வேலை செய்வதற்கு “உச்சி தெ”. என் பயிற்சிப் புத்தகத்தில் நான்காவது பாடம் முழுக்கச் சிவப்பு மை. அடுத்தது “இருக்கு”. நமக்கு நாயும் இருக்கு, நாற்காலியும் இருக்கு. அவர்களுக்கு உயிருள்ளதற்கு “இரு”, உயிரில்லாததற்கு “அரு”. பெயருக்குப் பின்னால் வரும் “வா”, “கா” உருபுகளின் வித்தியாசம் யாருக்கும் சீக்கிரம் பிடிபடாது. “கா” வரும் இடத்தில் “தான்” போட்டுப் பார்த்தால் பல நேரம் பொருந்தும், எல்லா நேரமும் இல்லை. அப்புறம் பெயரடை காலம் காட்டும். விலை அதிகம் “தகாய்”, விலை அதிகமாக இருந்தது “தககத்தா”. சொல்லே மாறிவிடும், பக்கத்தில் “இருந்தது” என்று சேர்த்தால் தவறு.

எண்ணிக்கை இன்னொரு மலை. நீளமான பொருளுக்கு ஒன்று, தட்டையான பொருளுக்கு ஒன்று என்று எண்ணும் சொல் மாறும். பென்சிலை எண்ணினால் இப்போன், நிஹோன், சன்போன். ஹோன் என்ற சொல் முன்னால் வரும் ஒலிக்கு ஏற்ப மாறுகிறது, புணர்ச்சி விதி படித்தவர்கள் பதற மாட்டார்கள். ஆட்களை எண்ணும்போது ஹிதோரி, ஃபுதாரி, அதற்குப் பிறகு சன்னின், யொனின். ஒருவர், இருவர், அப்புறம் மூணு பேர், நாலு பேர் என்று நாம் பேச்சில் சொல்வது போலவே இருக்கிறது.

கான்ஜி மூன்றாவது பாடத்தில் எண்களோடு ஆரம்பிக்கிறது. முதல் தொகுதியில் 145 எழுத்து. இதற்குத் தமிழ் உதவாது. தினம் மூன்று எழுத்து, கட்டம் போட்ட கணக்கு நோட்டில், கோட்டு வரிசை மாறாமல். கென்கி எழுத்தை நன்றாக அறிமுகம் செய்கிறது, ஆனால் திரும்பத் திரும்ப ஞாபகப்படுத்துவதில்லை, அதற்கு அன்கி வேண்டும். அன்கி என்ற ஜப்பானியச் சொல்லுக்கே மனப்பாடம் என்று அர்த்தம். மறக்கப் போகிற நேரத்தில் அட்டையை மறுபடி காட்டுகிற செயலி. கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனுக்குக் காசு. யாரோ செய்த ஆறாயிரம் அட்டைக் கட்டை இறக்கிக்கொள்ளாதீர்கள். பாடத்தில் படித்த சொல்லை நீங்களே அட்டையாக்குங்கள், முன்பக்கம் ஹிராகானாவில் முழு வாக்கியம், பின்பக்கம் தமிழ். ஒரு நாளைக்கு எட்டுப் புதிய அட்டைக்கு மேல் நான் போடுவதில்லை. அதற்கு மேல் போனால் மூன்றாவது வாரம் நூற்றைம்பது அட்டை காத்துக்கொண்டிருக்கும், அதைப் பார்த்தே படிப்பை விட்டவர்களை எனக்குத் தெரியும்.

தனியாகப் படிக்கிறவருக்குக் கென்கியில் உண்மையான குறை ஒன்று உண்டு. இது வகுப்பறைக்கு எழுதிய புத்தகம். பயிற்சிகளில் பாதி “உங்கள் ஜோடியைக் கேளுங்கள்” வகை. இவற்றை விட்டுவிட்டுப் போகலாம் என்று பல இடத்தில் சொல்வார்கள், நான் சம்மதிக்க மாட்டேன். விட்டால் வாய் வராது. நான் செய்தது, கேள்வியைப் போனில் பதிவு செய்து, பத்து விநாடி இடைவெளி விட்டு, அடுத்த நாள் பஸ்ஸில் அதைப் போட்டு நானே பதில் சொல்வது. ஒலிப்பதிவில் உள்ள உரையாடலை ஒரு வரி பின்தொடர்ந்து கூடவே சொல்வதையும் விடாதீர்கள், அவர்களுடைய சுருதி ஏற்ற இறக்கம் அப்படித்தான் காதில் ஏறும். “ஹஷி” என்பதை ஏற்றிச் சொன்னால், இறக்கிச் சொன்னால் பாலம், சாப்பிடும் குச்சி என்று பொருளே மாறும். விடைப் புத்தகத்தையும் சேர்த்தே வாங்குங்கள், ஆசிரியர் இல்லாதவருக்கு அது இல்லாமல் முடியாது. இதனால் மொத்தச் செலவு கூடும் என்பது நிஜம்.

காசு இல்லை அல்லது இப்போதைக்குச் செலவு செய்ய மனமில்லை என்றால் இரோதோரி இருக்கிறது. ஜப்பான் ஃபவுண்டேஷன் 2020-ல் வெளியிட்டது, புத்தகமும் ஒலியும் முழுக்க இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், முதல் நிலையில் 18 பாடம். ஜப்பானில் வேலைக்குப் போய் வாழப் போகிறவர்களை மனதில் வைத்து எழுதியது, அதனால் கல்லூரிக்குப் பதிலாகக் கடை, வேலையிடம், அக்கம்பக்கம். 2019 ஏப்ரலில் ஜப்பான் தொடங்கிய குறிப்பிட்ட திறன் விசாவுக்கு, முதியோர் பராமரிப்பு போன்ற வேலைகளுக்கு முயற்சி செய்கிறவர்கள் நேராக இதற்கே போகலாம். அந்த விசாவுக்கு ஏற்கப்படும் ஜேஎஃப்டி பேசிக் மொழித் தேர்வுக்கும் இது நன்றாக ஒத்துப்போகும். கென்கியைவிட இலக்கண விளக்கம் குறைவு, கேட்கும் பயிற்சி அதிகம். நான் கென்கி பாடம் ஒன்று முடித்ததும் இதில் அதற்குப் பக்கமான பாடத்தைக் கேட்பேன்.

மின்னா நோ நிஹோன்கோவும் எல்லோரும் சொல்கிற புத்தகம்தான். அதன் முதன்மைப் புத்தகம் முழுக்க ஜப்பானிய மொழியில், மொழிபெயர்ப்பும் இலக்கணக் குறிப்பும் தனிப் புத்தகம். ஆசிரியர் இருந்தால் நல்லது. இந்திய அச்சும் கிடைக்கிறது. தனியாக ஆரம்பிக்கிறவர் கையில் முதலில் அதைக் கொடுக்க மாட்டேன். விளையாட்டு மாதிரி புள்ளி தருகிற செயலி ஒன்றை நான் ஐந்து மாதம் ஒருநாள் விடாமல் செய்தேன். எழுத்து படிக்க உதவியது, “தெ” வடிவத்தை ஒரு இடத்திலும் விளக்கவில்லை. ஹிராகானா படிக்கிற வரைக்கும் வைத்துக்கொள்ளலாம்.

தேர்வைப் பற்றிக் கொஞ்சம். என்5 தேர்வு இந்தியாவில் ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கிறது, சென்னையில் ஏபிகே ஏஓடிஎஸ் தோசோகாய் என்ற அமைப்பு நடத்துகிறது. 180-க்கு 80 வாங்க வேண்டும், அதோடு கேட்டல் பகுதியில் 60-க்கு 19-ம், மொழியறிவு வாசிப்புப் பகுதியில் 120-க்கு 38-ம் குறையக் கூடாது. எழுதுவதும் பேசுவதும் தேர்வில் இல்லை, எல்லாம் சரியான விடையைத் தேர்ந்தெடுப்பது. ஒலி ஒரே ஒரு முறைதான் போடுவார்கள். கென்கி முதல் தொகுதியை ஒழுங்காக முடித்தால் என்5 போதுமான அளவு வரும், இரண்டையும் முடித்தால் அடுத்த நிலையான என்4. நான் காலை ஐந்தேகாலிலிருந்து ஆறு வரை, வாரத்தில் ஆறு நாள், இரண்டரை வாரத்துக்கு ஒரு பாடம் என்று போனேன். முதல் தொகுதிக்கு ஏழு மாதத்துக்கு மேல் ஆயிற்று. மூன்று மாதத்தில் முடிக்கலாம் என்று சொல்கிற காணொளிகளைப் பார்த்து மனம் தளராதீர்கள், அவர்களுக்கு இரவு ஷிப்ட் இருக்காது.

இப்போது படித்துக்கொண்டிருக்கிற 16-வது பாடத்தில் ஒருவருக்காக ஒன்றைச் செய்து கொடுப்பது பற்றி வருகிறது. எனக்குக் கொடுத்தால் “குரெரு”, மற்றவருக்குக் கொடுத்தால் “அகெரு”. இரண்டு வினை எதற்கு என்று ஆங்கில மாணவர்கள் தவிக்கிறார்கள். தரு என்பது தன்மைக்கும் முன்னிலைக்கும், கொடு என்பது படர்க்கைக்கும் என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் பிரித்து வைத்திருக்கிறது. எனக்குத் தா, அவனுக்குக் கொடு. “ஒஷிஎதெ குரெரு” என்றால் சொல்லித் தருவது. என் நோட்டில் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் தா, கொடு என்று இரண்டு சொல் மட்டும் எழுதியிருக்கிறேன், விளக்கப் பத்தியைப் படிக்கவில்லை.

வாங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம் மட்டும். முதல் தொகுதி, அதன் பயிற்சிப் புத்தகம், விடைப் புத்தகம், இந்த மூன்றையும் முதலில் வாங்குங்கள், இரண்டாம் தொகுதியை ஒன்பதாவது பாடம் தாண்டிய பிறகு பார்த்துக்கொள்ளலாம். யாராவது 2011-ல் வந்த இரண்டாம் பதிப்பைப் பாதி விலைக்குக் கொடுத்தால் தயங்காமல் வாங்கலாம், இலக்கணம் பெரிதாக மாறவில்லை, சில கதாபாத்திரங்களும் சில சொற்களும்தான் மாறியிருக்கின்றன. ஆனால் அந்தப் பதிப்பின் ஒலி புத்தகத்தோடு வந்த வட்டில் இருக்கும், வட்டு உள்ளே இருக்கிறதா, கீறல் இல்லாமல் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.